வீட்டுப் பட்டறைக்கு ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வாங்கப் போகிறேன். ஒயர் உள்ளதா, பேட்டரியில் ஓடுவதா?

கேட்டவர் தன் வேலைகளையும் சொல்லியிருக்கிறார்: பழைய மரச்சாமான்களில் பெயிண்ட் உரிப்பது, ஒயர் இணைப்புகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் டியூப்) போடுவது, எப்போதாவது பிவிசி பைப் வளைப்பது. ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் ஒன்றும் அதற்கு 2 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டும் வைத்திருக்கிறார். அதே பேட்டரியில் ஓடும் ஹீட் கன்னை வாங்கிவிட்டால் ஒயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாமே என்பது அவர் எண்ணம்.

முதலில் ஒயர் உள்ளதையே வாங்குங்கள். உங்கள் பட்டியலில் பெயிண்ட் உரிப்பது இருக்கும்வரை இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட்டரி ஹீட் கன் மோசமான கருவி என்று சொல்லவில்லை. சில வேலைகளுக்கு அதைப்போல் வசதி வேறு எதிலும் இல்லை. ஆனால் அது ஒயர் உள்ளதற்குப் பதிலாக வரக்கூடிய கருவி அல்ல. பேட்டரி டிரில் வந்தபிறகு ஒயர் டிரில்லைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. ஹீட் கன்னிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

காரணம் எளிது. டிரில் தன் வேலை நேரத்தில் மட்டும்தான் கரண்ட் எடுக்கிறது. ஒரு திருகை முடுக்கச் சில வினாடிகள் போதும், பிறகு அடுத்த திருகுவரை பேட்டரிக்கு ஓய்வு. ஹீட் கன்னுக்கு அந்த ஓய்வே கிடையாது. சுவிட்சை அழுத்திய கணத்திலிருந்து விடும்வரை கரண்டை அப்படியே வெப்பமாக மாற்றிக் காற்றில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 90 வாட்-அவர், அதாவது 90 வாட்டை ஒரு மணி நேரம் தரும் சக்தி. ஒரு பேட்டரி ஹீட் கன் 400 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். தாளில் பதின்மூன்றரை நிமிடம் வருகிறது. உங்களிடம் இருக்கும் 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 36 வாட்-அவர்தான், அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். இது தாளில் மட்டும். நடைமுறையில் இன்னும் குறையும், ஏனென்றால் 400 வாட்டை 18 வோல்ட்டில் எடுக்க 22 ஆம்பியர் ஓட வேண்டும். 2 ஆம்பியர்-அவர் பேட்டரிகளில் பெரும்பாலும் ஐந்து செல்கள் ஒரே வரிசையில் இருக்கும், அந்த 22 ஆம்பியரும் ஒவ்வொரு செல் வழியாகவும் போகும். செல் சூடாகும், வோல்ட் இறங்கும், பாதுகாப்புச் சுற்று சீக்கிரமே நிறுத்திவிடும். பெரிய பேட்டரிகள் பலவற்றில் பத்து செல்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் பாதிச் சுமைதான். எனவே பேட்டரி ஹீட் கன்னுக்கு 4 அல்லது 5 ஆம்பியர்-அவருக்குக் குறைந்த பேட்டரி எடுபடாது. கையில் பேட்டரி இருக்கிறதே, வெறும் கருவியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்ற உங்கள் கணக்கு இந்த இடத்தில் உதைக்கிறது.

(சில பெட்டிகளில் 20 வோல்ட் என்று போட்டிருக்கும். அதுவும் அதே ஐந்து செல்தான். முழுச் சார்ஜில் இருக்கும்போது அளந்தால் 20, சராசரியாகச் சொன்னால் 18. கூடுதல் சக்தி என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.)

இப்போது ஒயர் உள்ளதைப் பாருங்கள். சாதாரணமாக 1500 முதல் 2000 வாட். 2000 வாட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் 2000 வாட்-அவர். அந்த 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இது 22 பேட்டரி. ஒரு கதவின் பெயிண்டை உரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். இத்தனை பேட்டரியை யாரும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைத் தொடப்போவதில்லை.

அடுத்தது, பெட்டியில் போட்டிருக்கும் டிகிரி. பேட்டரி மாடல்களிலும் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எழுதியிருப்பார்கள், அது பொய்யும் இல்லை. பிறகு ஏன் வேலையில் இவ்வளவு வித்தியாசம்? டிகிரி என்பது காற்று எவ்வளவு சூடாக வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு காற்று அந்தச் சூட்டோடு வருகிறது என்பதை வாட்தான் சொல்லும். தீக்குச்சிச் சுடரும் நல்ல சூடுதான், அதில் ஒரு குடம் தண்ணீர் கொதிக்காது.

இதையும் எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய ஒரு ஜூல் வேண்டும். அப்படியானால் 2000 வாட்டைக் கொண்டு நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றை 500 டிகிரி ஏற்றலாம். 400 வாட்டில் அதே 500 டிகிரி ஏற்ற 40 லிட்டர்தான் முடியும். நாசில் (காற்று வெளியே வரும் முனை) வாயில் இரண்டும் ஒரே சூடு. ஆனால் உங்கள் பலகைக்கு வந்து சேரும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு.

சின்னப் பொருளுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கே தாராளம். பெரிய பொருளில்தான் சிக்கல். கனமான இரும்பையோ அகலமான பலகையையோ சூடேற்றும்போது, நீங்கள் ஓரிடத்தில் கொடுக்கும் வெப்பம் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுவதைவிட வேகமாகக் கொடுத்தால்தான் அந்த இடம் சூடேறும். கொடுப்பதும் ஓடுவதும் சமமாகிவிட்டால், பேட்டரி தீரும்வரை பிடித்திருந்தாலும் சூடு அதே இடத்தில் நின்றுவிடும். துருப்பிடித்து இறுகிய நட்டில் இது நன்றாகத் தெரியும். இரும்பு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 200 டிகிரி ஏற்றினால் துளை சுமார் 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். கேட்க அற்பமாக இருக்கும், துருவின் பிடி விட அது பல நேரம் போதும். ஆனால் உள்ளே இருக்கும் போல்ட் சூடாவதற்குள் நட்டு மட்டும் சட்டென்று சூடேற வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் போல்ட்டும் சேர்ந்தே விரிந்துகொள்ளும், பிடி அப்படியே இருக்கும். இந்த வேலையில் வேகம்தான் எல்லாமே, வேகம் வாட்டில்தான் இருக்கிறது.

பெயிண்ட் உரிப்பதும் இதே கதை. பெயிண்ட் கொப்பளித்தவுடன் ஸ்கிரேப்பரை உள்ளே விட்டு, ஹீட் கன்னை முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வெப்பம் தாராளமாக வந்தால் ஒரு சீரான நடை கிடைக்கும். குறைவாக வந்தால் ஒவ்வோர் இடத்திலும் நின்று காத்திருப்பீர்கள். அதற்குள் சூடு மரத்துக்குள் இறங்கிக் கருக ஆரம்பிக்கும், மேலே பெயிண்ட் பாதிதான் இளகியிருக்கும்.

பெயிண்ட் பேச்சு வந்ததால் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 590 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு மேல் ஈயம் ஆவியாகிக் காற்றில் கலக்கும் ஆபத்து இருக்கிறது. பல ஒயர் மாடல்கள் 600 டிகிரியைத் தாண்டும். ஈயம் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், சோதித்துப் பார்க்காமல் ஹீட் கன்னை வைக்கவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமாதானமே கூடாது. சூட்டைக் குறைத்து வைத்தாலும் உரிந்து விழும் தூளில் ஈயம் இருக்கத்தான் செய்யும். இரண்டாவது, நெருப்பு. ஜன்னல் சட்டம், கதவு நிலை மாதிரி இடங்களில் சூடான காற்று இடுக்கு வழியாக உள்ளே போய், அங்கே கிடக்கும் மரத்தூளிலோ ஒட்டடையிலோ கங்கு பிடித்துவிடும். புகைகூட உடனே தெரியாது, நேரம் கழித்துப் பற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்தபிறகு நீண்ட நேரம் அந்த இடத்தைக் கண்ணில் வைத்திருங்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள். இது இரண்டு வகை ஹீட் கன்னுக்கும் பொருந்தும்.

ஹீட் ஷ்ரிங்குக்கு வருவோம். இங்கே பேட்டரி ஹீட் கன்னை நான் மனமாரப் பாராட்டுவேன். சாதாரண ஷ்ரிங்க் டியூப் 90 டிகிரி வாக்கில் சுருங்க ஆரம்பித்து, 125 டிகிரிக்குள் முழுமையாக இறுகிவிடும். பொருளோ சின்னது, ஒவ்வொன்றுக்கும் சில வினாடி போதும். பேட்டரி மாடலின் ஹீட்டர் சிறியது என்பதால் சுவிட்சை அழுத்தியதும் சூடாகிவிடுகிறது. ஒயர் உள்ளது தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் ஒரு டியூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அணைக்க மனம் வராமல் ஓடவிட்டு வைத்திருப்போம். வண்டியின் பானட்டுக்குள், கூரைக்கு அடியில், ஏணி மேல், பிளக் எட்டாத தோட்டத்து மூலையில் இருக்கும் ஒரே ஒரு இணைப்புக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பதைவிடப் பேட்டரி மாடலை எடுத்துப்போவது எவ்வளவோ மேல். ஒட்டிய ஸ்டிக்கர் உரிப்பது, இறுகிய பிளாஸ்டிக் குழாயை இளக்கிக் கழற்றுவது எல்லாம் இந்த வகையில் சேரும்.

பைப் வளைப்பதில் வேறொரு பிரச்சினை: கை. பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகும். பைப்பைச் சுழற்றிக்கொண்டே நீளவாக்கில் சீராகச் சூடு காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் வளைக்க வேண்டும். ஒயர் மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் தட்டையாக இருக்கும். நாசில் மேலே பார்க்கும்படி மேசையில் நிறுத்தி, ஓடவிட்டு, இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொள்ளலாம். பேட்டரி மாடல்கள் பலவற்றில் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் ஒரு கை போய்விடுகிறது. சின்ன விட்டமுள்ள பைப் என்றால் சமாளிக்கலாம். பிவிசியைக் கருகவிடாதீர்கள், கருகினால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒயர் இல்லாதது லேசாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் பெரிய பேட்டரி மாட்டினால் அதுதான் கனம், பேட்டரி மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் வரும். ஒயர் மாடலில் கையில் இருப்பது ஹீட்டரும் ஒரு சின்ன விசிறியும்தான். ஒயர் தொல்லைக்கு நல்ல வழி, அதைத் தோள்மேல் போட்டுப் பின்பக்கமாக விட்டுவிடுவது. நாசில் பக்கமே வராது.

ஒயர் உள்ளதை வாங்கும்போது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள், இரண்டே நிலை உள்ளது பிளாஸ்டிக் வேலைக்குப் போதாது. சூடில்லாத வெறும் காற்று நிலை இருக்க வேண்டும். ஒயரின் உறை ரப்பராக இருந்தால் நல்லது, தவறிச் சூடு பட்டாலும் பிவிசி உறை மாதிரி சட்டென்று உருகாது. வாட் அதிகம் என்பதால் எக்ஸ்டென்ஷனிலும் கவனம் தேவை. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் தாங்காது. சுருள் டிரம்மாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருளோடு விட்டால் உள்ளேயே சூடேறி உறை இளகிவிடும். அதே லைனில் வேறு பெரிய கருவி ஓட வேண்டாம்.

நாசிலைப் பொருளின்மேல் ஒட்டி வைத்துக் காற்றை அடைக்கவும் கூடாது. ஹீட்டரின் சூட்டை எடுத்துப் போவதே அந்தக் காற்றுதான், அடைத்தால் ஹீட்டர் கம்பி தன் சூட்டிலேயே கெட்டுப்போய்விடும். அணைக்கும்முன் வெறும் காற்றில் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் இதற்காகத்தான்.

பேட்டரி மாடலை எப்போது வாங்கலாம்? உங்கள் டிரில் கம்பெனியின் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி வேறு ஏதாவது ஒரு காரணத்துக்காக, கிரைண்டருக்கோ ரம்பத்துக்கோ, வீட்டுக்கு வந்தபிறகு. அப்போது வெறும் கருவியை மட்டும் வாங்கினால் போதும். மகிட்டா, பாஷ், டிவால்ட், மில்வாக்கி என்று ஒவ்வொன்றின் பேட்டரியும் தனித்தனி வடிவம், ஒன்று மற்றதில் சேராது என்பதால் கம்பெனியை மாற்றாதீர்கள். வாங்கியபிறகு இதை நினைவில் வையுங்கள்: சுவிட்சை விட்டதும் சத்தம் நின்றுவிடும், ஆனால் நாசில் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். ஓடி முடித்த பேட்டரியையும் ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். சூடான லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும், நல்ல சார்ஜர்கள் ஆறும்வரை தாமே ஏற்றாமல் காத்திருக்கும்.