பெற்றுக்கொள்ளுதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டிலும் சபையிலும் பிறருக்காகவே வாழ்ந்துவிட்டேன். ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பிரதிபலன் பாராத அன்பையே கிறிஸ்து காட்டினார் என்று தெரிந்தும் மனம் கசக்கிறது. இது பாவமா? தன்னை மறந்து கொடுக்கும் அகாப்பே, தனக்கென்று விரும்பும் ஈராஸ் என்று அன்பைப் பிரிப்பது சரியா? இன்றுவரை யாரிடமும் எதையும் கேட்டுப் பெற்றதில்லை என்பது ஒன்றே ஆறுதல். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, வருகிறேன் என்ற மகளை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அகாப்பே–ஈராஸ் பிரிவினையை ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நிக்ரன் விரிவாக எழுதினார். அவரை மறுத்தும் நிறைய எழுதிவிட்டார்கள். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். கசப்பு பாவமா என்பதை உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் ஆறுதல்தான். சில நாட்களாக ஒரு மனிதரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1941 ஜூலை இறுதியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பத்துக் கைதிகளைப் பட்டினிபோட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பதிலாக மாக்சிமிலியன் கோல்பே என்ற துறவி தானாக முன்வந்தார். ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். இதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கலாம். பிழைத்த பிரான்சிஷெக் கயோவ்னிசெக்கைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் அந்த விழாவில் இருந்தார். 1995இல்தான் இறந்தார். திருப்பித் தரவே முடியாத ஒன்றை வாங்கிக்கொண்டு 53 ஆண்டுகள் வாழ்வதென்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நீங்களும் நானும் ஒரு வேளைக் கஞ்சிக்கே கூசுகிறோம்.

என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். உறவு முழுக்க அவளைத் தியாகி என்றது. கடைசியில் படுக்கையில் விழுந்தபோது, உடம்பு துடைக்க வரும் மருமகளைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்: “எனக்கு எல்லாம் செஞ்சாங்கடா. அவங்களுக்கு ஒண்ணு செய்ய மட்டும் கடைசிவரைக்கும் என்னை விடல.” பெரியம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அக்கா சொன்னது நியாயம். கொடுப்பவர் எப்போதும் மேலே நிற்கிறார். அந்த உயரம் பழகிப்போனால் இறங்க மனம் வராது. பணிவு என்று நாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் இதைத்தான் செய்தான். “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்றான். எவ்வளவு பக்தியான பேச்சு! வந்த பதிலோ, “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை.” காலை நீட்டத் தெரியாதவனுக்குப் பங்கில்லையாம். இயேசுவும் பெறக் கை நீட்டியவர்தான். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்ததை லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். பெத்தானியாவில் ஒரு பெண் முந்நூறு பணத்துக்கும் அதிகம் பெறும் தைலத்தை அவர் தலையில் ஊற்றினாள். இந்தப் பணத்தைத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுத்தார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவர்களோடுதான் சேர்ந்திருப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரோ “அவளை விட்டுவிடுங்கள்” என்றார். சிலுவைக்குச் சில நாள் முன்பாக, தம்மையே கொடுக்கப்போகிறவர், தமக்கென்று வந்ததைக் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

மகள் வருகிறேன் என்றது உங்களுக்குக் கஞ்சி வைக்க மட்டும் என்றா நினைத்தீர்கள்? அவளுக்கும் கொடுக்க ஆசை இருக்காதா? அதை ஏன் நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டும்?

பிரதிபலனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் பதில் சொல்லவில்லை, தெரிகிறது. அடுத்த கடிதத்தில் மறுபடி கேளுங்கள். அதற்குள் யாரிடமாவது எதையாவது ஒன்றை வாய்திறந்து கேட்டு வாங்கியிருக்க வேண்டும். என்ன வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.