டெக்ஸாஸைத் தாண்டாத பாடகர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பதினோரு ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் சென்ற மாதம் முதன்முறையாக ஒரு சிற்றூர் நடனக்கூடத்தில், அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசை கேட்டேன். பாடியவரோடு கூட்டம் முழுவதும் வரி பிசகாமல் பாடியது. ஆனால் நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பிக்கு அவர் பெயரே தெரியவில்லை. இங்குள்ள இளம் பாடகர்களுக்கு ராபர்ட் எர்ல் கீன்தான் முன்மாதிரி என்றார் நண்பர்; அவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. இவ்வளவு திறமை உள்ளவர்கள் கன்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில்லுக்குப் போய்ப் பெயர் எடுக்காமல் ஒரே மாநிலத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பது தோல்விதானே?

ஹூஸ்டன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கீன் நாஷ்வில்லுக்குப் போகாதவர் அல்லர், போய்த் திரும்பியவர். 1956இல் உங்கள் ஹூஸ்டனில் பிறந்தவர். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் அவரும் சக மாணவர் லைல் லவெட்டும் கீனின் வாடகை வீட்டுத் திண்ணையில் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுவார்கள். அந்தத் திண்ணையைப் பற்றியே இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார்கள். கீன் அதைத் தம் முதல் இசைத்தொகுப்பில் 1984இலும், லவெட் தம் முதல் தொகுப்பில் 1986இலும் பாடினார்கள். லவெட்டை நாடே அறிந்துகொண்டது. எண்பதுகளின் நடுவில் நாஷ்வில் சென்ற கீனுக்கோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் எதுவும் கூடிவரவில்லை; ஊர் திரும்பினார்.

அவர் பாடல்களைக் கேட்டால் அது ஏன் கூடிவரவில்லை என்பது புரியும். நாஷ்வில்லில் பாட்டு என்பது பெரும்பாலும் பாட்டுரிமையைக் கையாளும் இசைப் பதிப்பக அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் நேரம் குறித்துக்கொண்டு உட்கார்ந்து வானொலியை மனத்தில் வைத்து எழுதுவது. அதை நாடு முழுவதும் ஒலிக்கச் செய்ய இசைத்தட்டு நிறுவனம் முன்பணம் போடும். போட்டதைப் பாடகரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும். கீன் எழுதியவை சிறுகதைகள். 1989இல் வந்த 'தி ரோட் கோஸ் ஆன் ஃபார்எவர்' பாட்டில் ஷெரி என்ற மதுக்கடைப் பணிப்பெண்ணும் சன்னி என்ற ஊர்சுற்றியும் ஊரைவிட்டு ஓடிக் குற்றத்தில் இறங்குகிறார்கள். முடிவில் அவனுக்கு மின்சார நாற்காலி, அவளுக்குப் புது மெர்சிடிஸ் கார். கதைசொல்லி யாரையும் கண்டிப்பதில்லை. கன்ட்ரி நட்சத்திரங்களான வில்லி நெல்சன், ஜானி கேஷ், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் நால்வரும் இணைந்த ஹைவேமென் குழு 1995இல் இதைப் பாடியதோடு தொகுப்புக்கே இதன் பெயரை வைத்தது.

பிறர் பாடினால் கீனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பாட்டு பண்பலை வானொலியில் ஒலித்தால், இன்றுவரை, அதை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும்தான் பணம் போகும். பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. இசைத்தட்டில் பதிவானால் பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதியவருக்குச் சட்டம் தனித்தொகை வகுத்திருக்கிறது. 2006 முதல் 2022 வரை அது 9.1 சென்ட். ஆகவே தம் பாட்டைத் தாமே எழுதும் சிற்றூர்ப் பாடகருக்கு, குரல் ஓய்ந்த பிறகும் வருமானம் தரக்கூடிய ஒரு சொத்து இருக்கிறது.

அன்றாடச் சோற்றுக்கு வழி நீங்கள் போன நடனக்கூடம்தான். 'ஒரே மாநிலம்' என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். டெக்ஸாஸ் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. ஹூஸ்டனிலிருந்து மாநிலத்தின் மேற்கு முனையில் உள்ள எல் பாசோவுக்குச் சாலைவழி சுமார் 1,200 கிலோமீட்டர். ஜெர்மானிய, செக் குடியேறிகள் தங்கள் ஊர்களில் கட்டிய நடனக்கூடங்கள் வழியெங்கும் இருக்கின்றன. நியூ ப்ரான்ஃபெல்ஸில் உள்ள கிரீன் ஹால் 1878இல் கட்டப்பட்டது (பெயர்ப்பலகையில் உள்ள Gruene என்ற எழுத்தைக் கூட்டி 'க்ரூன்' என்று படித்து ஒருமுறை சிரிப்புக்கு ஆளானேன்). ஒரு வேனில் நான்கு பேர் கிளம்பி, நுழைவுக் கட்டணத்தில் பங்கும் வாசல் மேசையில் விற்கும் சட்டை, இசைத்தட்டுக் காசுமாகச் சேர்த்துக்கொண்டு, சில மாதங்களில் அதே கூடத்துக்குத் திரும்பி வந்தால், சென்றமுறை வந்தவர் இந்தமுறை மூன்று நண்பர்களை அழைத்து வருவார். கல்லூரி நகரங்களில் கேட்ட மாணவர்கள் வேலைக்காக டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் போகும்போது பாட்டும் உடன் போகிறது. டெக்ஸாஸ் நிலையங்களில் எது எத்தனை முறை ஒலித்தது என்று கணக்கிடத் தனித் தரவரிசைகளே உண்டு.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் பக்கமும் இருக்கிறது. ஓர் ஆற்றின் பெயர், ஓர் ஊரின் பெயர், ஒரு பீர் புட்டி ஆகிய மூன்றையும் ஒரே பல்லவியில் வைத்தால் கைதட்டல் உறுதி என்பதால், அதற்குமேல் ஒன்றுமில்லாத பாட்டுகள் அங்கே குவிகின்றன. சொந்த ஊர்க் கூட்டம் பாடகரைச் சோறு போட்டுக் காப்பாற்றுகிறது, சோம்பேறியாகவும் ஆக்குகிறது.

கீனை முழுக்கச் சுயேச்சையானவர் என்று சொல்வதும் சரியாகாது. ஷுகர் ஹில் என்ற சிறு நிறுவனத்திலும் பிறகு பெரிய நிறுவனங்களின் கிளைகளிலும் அவர் தொகுப்புகள் வந்தன. ஒப்பந்தங்கள் மாறினாலும் அவருடைய கூட்டம் மாறவில்லை. தனிக்கடை போட்டவர்கள் வேறு. 1986இல் பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் பெரிய நிறுவனங்களை நம்பியிருப்பதை விட்டு மனைவி சூசனோடு சேர்ந்து ட்ரைட் அண்ட் ட்ரூ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அமரில்லோக்காரரான ஏரன் வாட்சன் 2015இல் பெரிய நிறுவனம் எதுவுமின்றி வெளியிட்ட 'தி அண்டர்டாக்' தொகுப்பு, அமெரிக்க இசைத் தரவரிசைகளை வெளியிடும் பில்போர்டு இதழின் கன்ட்ரி தொகுப்புப் பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்தது நீங்கள் 'சுற்றிக்கொண்டிருப்பது' என்று எழுதிய அதே வேலைதான்.

கீன் 2022 செப்டம்பர் 4 அன்று, தம் இசைப்பயணத்தின் நிறைவு என்று அப்போது அறிவித்திருந்த நிகழ்ச்சியை நடத்த எந்தப் பெருநகர அரங்கையும் தேடவில்லை. சான் அன்டோனியோவை ஒட்டிய ஹெலோட்டஸில், 1942 முதல் இருந்துவரும் ஃப்ளோர்ஸ் கன்ட்ரி ஸ்டோரைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய 1996ஆம் ஆண்டு நேரலைத் தொகுப்பின் பெரும்பகுதி பதிவானதும் அங்கேதான். உங்கள் தம்பிக்கு முதலில் அந்தத் தொகுப்பை அனுப்புங்கள்; கூட்டம் சேர்ந்து பாடும் குரலும் அதில் பதிவாகியிருக்கிறது.