பட்டிக் காவலுக்கு வாங்கிய நாய் ஆட்டையே துரத்துகிறது

கேள்வி: காங்கயம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் முப்பது மயிலம்பாடிச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதால், காவலுக்கென்று ராஜபாளையம் ஆண் குட்டி ஒன்றை 30 நாளில் வாங்கி வந்தேன். இப்போது 14 மாதம். பகலில் தோட்டத்து வீடான சாளைக்கு முன்னால் சங்கிலியில் கட்டி வைத்து, ராத்திரி அவிழ்த்து விடுகிறோம். பகல் முழுக்கக் குரைக்கிறது. போன மாதம் ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திப் பிடித்துவிட்டது. முந்தாநாள், படுத்திருந்த நாயின் பக்கத்தில் அதன் சோற்றுத் தட்டை எடுக்கப் போன எங்கள் பண்ணையத்து ஆளைக் கையில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்திருக்கிறோம். நாய்க்கு 45ஆம் நாளே ஊசி போட்டாயிற்று. காயடித்தால் குணம் மாறுமா? கோபம் தணிய மாத்திரை உண்டா?

பதில்: தம்பி, நாய்க் கதை அப்புறம். முதலில் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். இரண்டு நாள் ஆனாலும் கழுவத்தான் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். பெரும்பாலும் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று வரச்சொல்வார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். நீங்கள் சொல்லும் 45ஆம் நாள் ஊசி அனேகமாகப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கானது. ரேபிஸ் என்கிற வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதம் ஆன பிறகு போடுவது, அப்புறம் ஆண்டுதோறும் தொடர்வது. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், தொலைவில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். கடித்த நாளிலிருந்து 10 நாள் கண் முன்னால் இருக்க வேண்டும். அதற்குள் தீனி எடுக்காமல் போனாலோ, எச்சில் வடித்தாலோ, நடை தள்ளாடினாலோ கால்நடை மருத்துவருக்கும், கடிபட்டவரைப் பார்க்கும் டாக்டருக்கும் உடனே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காயடித்தால் பெட்டை தேடி ஓடுவதும், கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும் குறையும். பயத்தில் கடிப்பதோ ஆட்டைத் துரத்துவதோ அதனால் நிற்காது. மாத்திரை விஷயத்தில், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மயக்க மாத்திரை உடம்பைத்தான் தள்ளாட வைக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். மருத்துவர் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தச் சங்கிலியைப் பற்றி. எத்தனை அடி நீளம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: நாலைந்து அடி இருக்கும். முளைக்குச்சியைச் சுற்றி வட்டமாக மண் தேய்ந்து, ஒரு புல்கூட முளைக்காமல் கிடக்கும். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் பாருங்கள், அடியில் முடி உதிர்ந்து தோல் தடித்திருக்கும். சரி, அந்த வட்டத்துக்குள் இருக்கும் நாய்க்கு என்ன வழி இருக்கிறது? பயந்தால் ஓட முடியாது. பிடிக்காதவர் பக்கத்தில் வந்தால் விலகிப் போக முடியாது. மிச்சம் இருப்பது குரைப்பதும் கடிப்பதும்தான். பால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பாலை வைத்துவிட்டுப் போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. நாள் முழுக்க இந்தப் பாடம் நடக்கிறது. கட்டிப்போட்டால்தான் நாய்க்கு ரோசம் வரும் என்று நம் ஊரில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். வருவது ரோசமில்லை, பயம். பயந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், உங்கள் வீட்டுக் குழந்தையும் ஒன்றுதான்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் அதில் குற்றம். அறுபது வருடத்துக்கு மேலாகியும் இது தோட்டங்களுக்குள் வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு அதிகம், ராஜபாளையத்திலும் உண்டு. நாய் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது, பத்தடி பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். நிழல் மேலே விழக்கூடாது, தரையும் அதிரக்கூடாது. காது மடல்கூட அசையவில்லை என்றால், உங்கள் ஆள் வந்ததே அதற்குத் தெரிந்திருக்காது. திடுக்கிட்டுக் கடித்திருக்கும். அப்படிப்பட்ட நாயை எப்போதும் முன்பக்கமாக, அதன் கண்ணில் பட்டு நெருங்க வேண்டும்.

30 நாளில் குட்டியைக் கொடுத்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் கடித்து விளையாடும் அந்த நாட்களில்தான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. அதைப் பறித்து விற்பவர் உங்களுக்குத் தருவது பாதி நாய். நல்ல கடி வம்சம் என்று பெருமை பேசி விலை ஏற்றுபவரிடமும், முள் பட்டை மாட்டி ஒரே வாரத்தில் அடக்கித் தருகிறேன் என்பவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உறுமும்போது அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் பல் பதியும்.

ஆட்டு விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆட்டோடு பழக வேண்டுமென்றால், மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்து, முகர்ந்து வளர்ந்திருக்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. இனி இந்த நாயை ஆட்டோடு தனியாக விடாதீர்கள். ராத்திரி அவிழ்த்து விடுவதையும் நிறுத்துங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில் இது ஒரு ஆட்டைக் கடித்தால், நீங்கள் எந்தத் தெருநாய்க்குப் பயந்தீர்களோ அதுவே உங்கள் நாயாகிவிடும். பட்டிக்குக் காவல் வேண்டுமென்றால் கிளுவை வேலியை மட்டும் நம்பாமல், ஆறடி உயரக் கம்பி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கிப் போடுங்கள். நாயின் குரல் உங்களை எழுப்பினால் போதும்.

சங்கிலிக்குப் பதில், பட்டி தெரியும் தூரத்தில், வேப்ப மர நிழலில், ஆட்டுக்குப் போடும் அதே வலையால் பதினைந்துக்கு இருபது அடியில் ஒரு அடைப்பு போடுங்கள். விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் முக்கால் மணி நேரம், முப்பதடிக் கயிற்றில் தோட்டத்தைச் சுற்றி நடத்துங்கள். வெளியாள் இருக்கும்போது வாய்க்கூடு அவசியம். தட்டுப் பிரச்சினைக்கு, வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும், அது சாப்பிடும்போது வலைக்கு வெளியே நடந்துபோய் ஒரு துண்டு வேகவைத்த ஈரலை உள்ளே போட்டுவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். தினமும் இதையே செய்தால் ஆள் வருவது நல்லதற்கென்று அதற்குப் படும். தட்டை எடுப்பது, நாயை வேறு பக்கம் அடைத்த பிறகுதான்.

ஒன்றரை மாதம் இப்படிச் செய்து பாருங்கள். குரைப்பு குறைந்தும் கடிக்க வருவது குறையவில்லை என்றால், காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். உடுமலைப்பேட்டை அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அங்கே போனால் நாய் ஒடுங்கிப்போய் நிற்கும், மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் தோட்டத்தில் அது சீறுவதைத் தள்ளி நின்று செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.