தக்காளி அடி கருக்குது, அழுகுது: மாடித்தோட்டக்காரங்க கேள்விகளுக்கு பதில்

தக்காளி சீசன் வந்தாலே எனக்கு வர்ற கேள்வில பாதி "அழுகுது"ங்கிற ஒரு வார்த்தையிலதான் முடியும். ஆனா அதுக்குள்ள நாலஞ்சு வேற வேற சமாச்சாரம் இருக்கு. கேக்கும்போது காயோட எந்தப் பக்கம், பிஞ்சா செங்காயா பழமா, தொட்டா கெட்டியா கொழகொழன்னா, இத மட்டும் சொல்லிடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.

மதுரையிலிருந்து: அக்கா, 15 இன்ச் க்ரோ பேக்ல ஆறு செடி இருக்கு. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு சூப்பரா இருக்கு, ஆனா காய் எலுமிச்சம்பழம் சைஸ் வந்ததும் அடியில கருப்பாயிடுது. என்ன மருந்து அடிக்கட்டும்?

எதுவும் அடிக்காதீங்க. இது பூச்சியும் இல்ல பூஞ்சையும் இல்ல, நுனி அழுகல். காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், பூ உதிர்ந்த இடத்துல முதல்ல தண்ணி கோத்த மாதிரி சின்னதா ஒரு திட்டு வரும், அப்புறம் பழுப்பாகும், அப்புறம் செருப்புத் தோல் மாதிரி காஞ்சு கருத்து உள்ள அமுங்கிடும். அழுத்திப் பாருங்க கெட்டியா இருக்கும், நாறாது. காய்க்கு கால்சியம் பத்தலைன்னு அர்த்தம்.

உடனே கால்சியம் வாங்க ஓடாதீங்க. மண்ணுல இருக்கிற கால்சியம் வேர்ல இருந்து தண்ணியோடதான் மேல ஏறும், அந்தத் தண்ணி எங்க அதிகமா ஆவியாகுதோ அங்கதான் போகும், அதாவது இலைக்கு. காய்க்கு மேல மெழுகு பூசின மாதிரி தோல், அதுல இருந்து ஆவியாகுறது ரொம்பக் கம்மி, அதனால அதுக்கு வர்ற பங்கே கொஞ்சம்தான். ஒரு நாள் மத்தியானம் செடி வாடிப்போச்சுன்னா அந்தக் கொஞ்சமும் நின்னுடும். இலைக்குப் போன கால்சியம் திரும்பி காய்க்கு வரவும் வராது, போனா போனதுதான். பிஞ்சு பிடிச்ச முதல் ரெண்டு மூணு வாரத்துல இது நடந்தா அடி கருக்கும். நல்லா பருத்த காய்ல புதுசா வர்றது அபூர்வம்.

தண்ணி எப்படி ஊத்துறீங்க?

அவரே திரும்ப: வேலை நாள்ல காலைல ஒரு சொம்பு. சனி ஞாயிறு ஓஸ் பைப்ல நல்லா நனைப்பேன்.

அதேதான். அஞ்சு நாள் அரை வயிறு, ரெண்டு நாள் விருந்து. வெயில் காலத்துல பெரிய செடி ஒண்ணுக்கு தினமும் ரெண்டு லிட்டராவது வேணும், சித்திரை வைகாசியில காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பிரிச்சு ஊத்துங்க. விரலை ரெண்டு இன்ச் உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்த வேண்டாம். மேல காஞ்ச இலை, கரும்புச் சோகை, தேங்காய் நார் எதையாவது ரெண்டு இன்ச்சுக்கு மூடாக்கு போடுங்க. கருத்த காயை எல்லாம் பறிச்சிடுங்க, அது சரியாகாது. அடுத்த கொத்து தானா நல்லா வரும்.

சேலம்: முட்டை ஓடு பவுடர் போட்டா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே, நீங்க மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

போடுங்க, கெடுதல் இல்ல. ஆனா இன்னைக்குப் போட்டு அடுத்த வாரம் காய் சரியாகும்னு எதிர்பாக்காதீங்க. ஓடு முழுக்க கால்சியம் கார்பனேட், மண்ணுல கரைய மாசக்கணக்காகும், மாவு மாதிரி அரைச்சாதான் அதுவும், நொறுக்கிப் போட்டா அடுத்த வருஷம் மண்ணைக் கொட்டும்போதும் அப்படியே துண்டு துண்டா கிடக்கும் பாத்திருப்பீங்க. மண் கலக்கும்போதே போடணும்னா ஜிப்சம் எவ்வளவோ மேல். நிலக்கடலைக்குப் போடுறதால உரக்கடையில சல்லிசா கிடைக்கும், மண்ணோட பிஎச்சையும், அதாவது காரத்தன்மையையும், ஏத்தாது. 15 இன்ச் பைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன். முட்டையை எலுமிச்சைச் சாறுல ஊற வச்சு செய்யற கரைசல்ல ஓடு கரைஞ்சு வரும், அதுல இருக்கிற கால்சியம் ஓட்டுத்தூளை விட சீக்கிரம் செடிக்குக் கிடைக்கும். ஆனா தண்ணி ஒழுங்கா இல்லைன்னா இது எதுவும் காய்க்குப் போய்ச் சேராது. மண்ணுல கால்சியம் இல்லாம நுனி அழுகல் வர்றது நம்ம பக்கம் குறைவு, இருந்தும் ஏறாம வர்றதுதான் அதிகம்.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்கட கிணத்துத் தண்ணியில கேத்தில் முழுக்க சுண்ணாம்பு படியுது. அப்பிடியிருந்தும் தக்காளிக்கு அடி கறுக்குது. கல்சியம் காணாது எண்டால் நம்பேலாமல் கிடக்கு.

நீங்க நம்பாததுதான் சரி! உங்க ஊர் நிக்கிறதே சுண்ணாம்புக்கல்லு மேல, கிணத்துத் தண்ணி அதுக்குள்ள இருந்துதான் வருது. மேல சொன்னதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கால்சியம் கொட்டிக் கிடக்கும், ஏறல, அவ்வளவுதான். தண்ணியில உவர் இருக்கான்னு மட்டும் பாருங்க, உப்பு கூடினா வேர் தண்ணியை இழுக்கவே கஷ்டப்படும், மண் ஈரமா இருந்தாலும் செடிக்கு தாகம்தான். மழைத் தண்ணி சேத்து வச்சா தக்காளிக்கு ஒதுக்குங்க.

சென்னை, வேளச்சேரி: அப்போ ஆர்ஓ வேஸ்ட் வாட்டர் ஊத்தலாமா?

ஆர்ஓ மெஷின் பிரிச்ச உப்பெல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்கும், அதே உப்புக் கதைதான். வாழைக்கோ தென்னைக்கோ விடுங்க. தொட்டியில இருக்கிற தக்காளிக்கு தினமும் வேண்டாம்.

கோயம்புத்தூர்: நான் தினமும் தவறாம தண்ணி ஊத்தறேன், ஜிப்சமும் போட்டாச்சு, அப்பவும் கருக்குது. பாட்டிங் மிக்ஸ் கோகோபீட் 60, மண்புழு உரம் 40. மண்ணே கிடையாது, வெயிட் ஆகக்கூடாதுன்னு.

ரெண்டு விஷயம் இருக்கு இதுல. கோகோபீட்ங்கிற தென்னை நார்க்கழிவுல இயல்பாவே பொட்டாசியமும் சோடியமும் ஜாஸ்தி, நீங்க கால்சியம் குடுத்தா அது தன்கிட்ட இருக்கிற பொட்டாசியத்தை விட்டுட்டு கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். செடிக்குப் போறதுக்கு முன்னாடி பீட்டே சாப்பிட்டுடும். அதனாலதான் பசுமைக்குடில்காரங்க கோகோபீட்டை கால்சியம் நைட்ரேட் தண்ணியில ஊற வச்சு அலசிட்டு யூஸ் பண்றாங்க. வெறும் தண்ணியில அலசினா மேலோட்டமான உப்பு போகும், உள்ள பிடிச்சிருக்கிறது போகாது.

ரெண்டாவது, அது ஒரு தடவை முழுசா காஞ்சுதுன்னா சுருங்கி பையோட சுவத்துல இருந்து விலகிடும். நீங்க ஊத்துற தண்ணி அந்த இடுக்கு வழியா நேரா அடி ஓட்டைக்கு வந்துடும், ஊத்தின ரெண்டாவது நிமிஷமே தட்டுல தண்ணி நிக்கும், நீங்க ஆஹா நல்லா ட்ரெய்ன் ஆகுதுன்னு சந்தோஷப்படுவீங்க. நடுவுல வேர் இருக்கிற உருண்டை காஞ்சே கிடக்கும். ஓரத்தை விரலால அமுக்கி மூடிட்டு, கொஞ்சம் ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொஞ்சம், இப்படி மூணு தவணையா ஊத்திப் பாருங்க. பையைத் தூக்கிப் பாத்தா வெயிட்லயே தெரிஞ்சுடும். அடுத்த தடவை பீட்டை மூணுல ஒரு பங்குக்கு மேல போடாதீங்க, செம்மண் கண்டிப்பா சேருங்க.

இப்போதைக்கு கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு வேர்ல ஊத்துங்க, பத்து நாளைக்கு ஒரு தடவை. எப்சம் சால்ட்டோட கலந்துடாதீங்க, வெள்ளையா திரிஞ்சு அடியில படிஞ்சுடும்.

அவரே: எப்சம் சால்ட் வாரா வாரம் குடுக்கறேனே, நுனி அழுகலுக்கு நல்லதுன்னு ஒரு வீடியோல பாத்தேன்.

நிறுத்துங்க முதல்ல. அது மெக்னீசியம், வேர்ல நுழையறதுக்கு கால்சியத்தோட போட்டி போடும். வாழைப்பழத்தோல் கரைசலும் அப்படித்தான், அது பொட்டாசியம். ரெண்டும் அளவா இருந்தா தப்பில்ல, நுனி அழுகலுக்கு மருந்துன்னு குடுக்கறதுதான் தப்பு.

திருச்சி: இலை மேல கால்சியம் ஸ்ப்ரே?

கால்சியம் குளோரைடு 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம், தெளிக்கச் சொல்ற சிபாரிசு இருக்கு. ஆனா இலையில பட்டது காய்க்குப் போகாதுன்னு மேலயே சொன்னேன், தெளிச்சா சின்னப் பிஞ்சு மேல படணும். சாயங்காலம் தெளிங்க, உச்சி வெயில்ல அடிச்சா இலை ஓரம் கருகும். என்னைக் கேட்டா அந்த நேரத்துல மூடாக்கு போடலாம்.

ஈரோடு: மீன் அமிலம் வாரம் ரெண்டு தடவை, கடலைப்புண்ணாக்கு கரைசல் ஒரு தடவை. செடி என் உயரத்துக்கு வந்துடுச்சு, காய்ல பாதி அடி கருப்பு.

ரெண்டுமே தழைச்சத்து, அதுதான் ஓவர். இலை பெருக்கப் பெருக்க தண்ணியெல்லாம் அதுவே இழுத்துக்கும், பிஞ்சு என்ன பண்ணும் பாவம். பூ வந்ததும் மீன் அமிலத்தை 15 நாளைக்கு ஒண்ணா குறைச்சிடுங்க.

தஞ்சாவூர்: எனக்கு அடியில இல்ல, பக்கவாட்டுல உருண்டையா ஓட்டை, உள்ள கொழகொழன்னு நாத்தம்.

அது காய்ப்புழு. தலையை உள்ள விட்டு பாதி உடம்பு வெளிய தொங்க சாப்பிடும், விடிகாலையில டார்ச் அடிச்சுப் பாத்தா கையோட மாட்டும். ஒரு புழு ஒரு காயோட நிக்காது, நாலஞ்சைக் கெடுக்கும். ஓட்டை வழியா பாக்டீரியா போறதாலதான் அந்த நாத்தம். கெட்ட காயை தொட்டியிலயே போடாதீங்க, புழுவோட எடுத்து அழிங்க. வயல்ல 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைப்பாங்க, அந்தப் பூச்சி அதுல போய் முட்டை வைக்கும். மாடியில ரெண்டு தொட்டி வச்சா போதும், ஆனா தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருக்கணும், அதனால நாத்தை முன்னாடியே விடுங்க.

தாம்பரம்: ஐப்பசி மழைக்கு அப்புறம் கீழ தொங்கற காய்ல மட்டும் பழுப்பு வளையம் வளையமா வருது. மேல இருக்கிற காய் நல்லா இருக்கு.

மண்ணுல இருந்து தெறிச்சு வர்ற பூஞ்சை வகை. மழைத்துளி மண்ணுல விழுந்து சேறு காய்ல அடிக்கும், அதோட இதுவும் வரும். செடியை குச்சி கட்டி தூக்குங்க, தரையில இருந்து ஒரு அடி உயரம் வரைக்கும் இருக்கிற இலையெல்லாம் எடுத்துடுங்க, மூடாக்கு இதுக்கும் வேணும். தொட்டியில தண்ணி தேங்கவே கூடாது.

கோத்தகிரி: ரெண்டே நாள்ல இலை வெந்த மாதிரி ஆச்சு. காய்ல எண்ணெய் தடவின மாதிரி பழுப்புத் திட்டு. பக்கத்துத் தோட்டம் உருளைக்கிழங்கு.

பின்பருவ கருகல். 1845ல அயர்லாந்துல உருளைக்கிழங்கை அழிச்சு பஞ்சத்தை உண்டாக்கினதும் இதே கிருமிதான், தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம். மலையில குளிரும் பனியும் இருந்தா இது பரவிக்கிட்டே இருக்கும். காலையில இலையோட அடியில பாருங்க, திட்டோட ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கும். இந்த அளவுக்கு வந்துட்டா செடியைக் காப்பாத்த நினைக்காதீங்க, பிடுங்கி பையில கட்டி அப்புறப்படுத்துங்க, கம்போஸ்ட்ல போடவே போடாதீங்க. தப்பிச்ச செடிக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், இலையோட ரெண்டு பக்கமும் நனையணும்.

நாகர்கோவில்: பழுத்த பழத்துல மட்டும் காசு மாதிரி வட்டமா குழி, நடுவுல கருப்புப் புள்ளி. சாப்பிடலாமா?

இது ஒரு பூஞ்சை நோய். பூஞ்சை பச்சைக் காயிலயே உள்ள போய் பதுங்கி இருக்கும், பழுத்ததும்தான் முகத்தைக் காட்டும். செங்காயா இருக்கும்போதே பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வைங்க. குழி விழுந்து உள்ள மெத்துன்னு ஆனதைத் தூக்கிப் போடுங்க. நுனி அழுகல் மட்டும் வந்ததுன்னா கருத்த பாகத்தை தாராளமா வெட்டிட்டு மீதியைக் குழம்புல போடலாம், வெட்டிப் பாக்கும்போது உள்ள பூசணம் இல்லாம இருந்தா போதும்.

விருதுநகர்: எந்த ரகம் வச்சா இந்த நுனி அழுகல் தொல்லை கம்மி?

செர்ரி தக்காளிக்கு கிட்டத்தட்ட வரவே வராது. முட்டை மாதிரி நீளக் காய் ரகங்களுக்குத்தான் அதிகம். பெரியகுளத்துல உருவான பிகேஎம் 1 மாதிரி உருண்டை ரகம் நம்ம வெயிலுக்கு ஒத்துவரும், ஆனா ஒரு பைக்கு ஒரு செடிதான்.

விருதுநகரே: கடைசியா ஒண்ணு, அடி கருத்த பழத்துல விதை எடுக்கலாமா?

எடுக்கலாம், இது விதையில தொத்துற நோய் இல்ல. ஆனா அதே செடியில நல்ல பழம் இருந்தா அதுல எடுங்க, குழி விழுந்ததுலயும் வளையம் விழுந்ததுலயும் மட்டும் எடுக்காதீங்க.