லீவில் வந்த சிப்பாயின் தாடி

கேள்வி: என் மகன் ராணுவத்தில் சேர்ந்து 5 வருடம் ஆகிறது. 60 நாள் லீவில் வந்தவன், கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கிறான். சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், "லீவில் இருந்தாலும் பட்டாளத்துக்காரன் பட்டாளத்துக்காரன்தான். ஒழுங்கு என்ன, கேட்டைத் தாண்டினதும் கழற்றி வைக்கிற பூட்ஸா? நாளைக்கே மழித்துவிடு" என்று தினமும் சத்தம் போடுகிறார். வீட்டில் நிம்மதி போய்விட்டது. யார் சொல்வது சரி?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் செய்வதுதான் சரி. ஆனாலும் உங்கள் அண்ணன் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லீவில் ஊருக்கு வந்துவிட்டதால் ஒருவர் சிப்பாய் இல்லை என்று ஆகிவிடாது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அவர் எங்கே இருந்தாலும் அவரைக் கட்டுப்படுத்தும். குடித்துவிட்டு ரகளை செய்தால், கட்சி மேடையில் ஏறினால், யூனிட் ரகசியத்தை டீக்கடையில் உளறினால், "நான் லீவில் இருந்தேன்" என்ற சமாதானம் எடுபடாது. எடுபடவும் கூடாது. நடத்தையில் லீவு கிடையாது என்று அண்ணன் சொல்லியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து சத்தம் போட்டிருப்பேன். தாடியையும் அதே கணக்கில் சேர்க்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை.

பணியில் இருக்கும்போது முடியும் முகமும் ராணுவம் சொல்கிறபடி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விமானப்படையில் 2001-ல் சேர்ந்த ஒருவர் மத நம்பிக்கையின்படி தாடி வைக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் விடாமல் தாடி வைத்தார். 2008-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரே சீரான தோற்றமும் கட்டுப்பாடும் படைக்குத் தேவை, இந்த விதி எந்த மதத்தையும் குறிவைத்தது அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. முடி வெட்டுவதையே தடை செய்யும் மதத்தைச் சேர்ந்தவர்களுக்கு அந்த விதியிலேயே விலக்கு உண்டு. சீக்கிய வீரர்கள் தாடியோடும் தலைப்பாகையோடும் பணியாற்றுவது அப்படித்தான். தீர்ப்பில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் அதன் காரணம் புரிகிறது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், இடையில் தாடி இருந்தால் காற்று உள்ளே புகும் என்பதும் உண்மையான காரணம்தான். ஆனால் இவை எல்லாம் பணியில் இருப்பவருக்கான காரணங்கள். வேலூர் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகனுக்கு இவற்றில் எது பொருந்துகிறது? திடீரென்று அழைப்பு வந்து கூப்பிட்டாலும், சவரம் செய்ய அவருக்கு 5 நிமிடம் போதும்.

இந்த விஷயத்தை ஆழமாக யோசித்த நாடு ஜெர்மனி. 1971-ல் அங்கே பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஹெல்முட் ஷ்மிட், பின்னாளில் சான்சலர் (நம் பிரதமரைப் போன்ற பதவி) ஆனவர். சுத்தமாகப் பராமரித்தால் வீரர்கள் முடியையும் தாடியையும் விருப்பம்போல் வளர்க்கலாம் என்று உத்தரவு போட்டார். நீண்ட முடி இயந்திரத்தில் சிக்கிவிடக் கூடாதே என்று ராணுவம் 7,40,000 தலைவலைகளை வாங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் அதை 'ஜெர்மன் ஹேர் ஃபோர்ஸ்' என்று கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டே உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். உங்கள் அண்ணன் இதைப் படித்தால், "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்பார். சொல்லட்டும்.

ஆனால் அதே நாட்டில் பிறகு நடந்ததையும் அவர் படிக்க வேண்டும். 'கோத்' என்ற இசை ரசிகர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வீரர், நீண்ட முடி வைக்க முடியாததை எதிர்த்து வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் லைப்சிக் நகரிலுள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாரம் இதுதான்: சீருடையை மாலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். தலைமுடியை அப்படி மாட்ட முடியாது. பணி நேரத்துக்கென்று போடும் முடி விதி, பணி முடிந்த பிறகும் அவனோடு வீட்டுக்குப் போகிறது; அவன் குழந்தையைத் தூக்கும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும் அவன் தலையில் இருக்கிறது. ஒருவனுடைய சொந்த வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் நுழைகிற விதியை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் போட்டுவிட முடியாது, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில் அதற்கு அடிப்படை வேண்டும். (குழந்தையும் கல்யாணமும் நான் சேர்த்த உதாரணங்கள்.) இருக்கும் விதி அதுவரை தொடரலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த வீரர் உடனே முடி வளர்த்துவிடவில்லை. 2021-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

இதைப் படித்தபோது நம் அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்துக்குத்தான் தருகிறது. அந்த அடிப்படையில் ராணுவச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சங்கம் சேர்வது, கூட்டங்களில் கலந்துகொள்வது, பத்திரிகைக்குப் பேசுவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. லீவில் வளரும் தாடி அந்தப் பட்டியலில் இல்லை.

சகோதரி, சாதாரண நாட்களில் உங்கள் மகன் ஏற்கெனவே 24 மணி நேரமும் ராணுவத்தின் முடியோடுதான் வாழ்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸில் கடைத்தெருவுக்குப் போனாலும் மிலிட்டரி கட்டிங்தான்; வேறு வழியே கிடையாது, திங்கள் காலை பரேடு இருக்கிறது. வருடத்தில் இந்த நீண்ட லீவு ஒன்றில்தான் அவர் முகம் அவருக்கே திரும்பக் கிடைக்கிறது. அதையும் பிடுங்க வேண்டும் என்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். "சிப்பாய் என்று பார்த்ததும் தெரிய வேண்டும்" என்பது ஒரு காரணமா? 2013 மே மாதம் லண்டன் வூலிச்சில், முகாமுக்கு அருகிலேயே, பணியில் இல்லாமல் சாதாரண உடையில் நடந்துபோன லீ ரிக்பி என்ற வீரரை, ராணுவத்துக்காரர் என்று அடையாளம் கண்டு வெட்டிக் கொன்றார்கள். வெளியே போகும்போது அடையாளம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று படைகளே எச்சரிக்கும் காலம் இது.

அண்ணன் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் 'மரபு'. பிரிட்டிஷ் ராணுவத்திடமிருந்து வந்த மரபு என்றால், அங்கே 1916 அக்டோபர் வரை மேலுதட்டை மழிப்பதுதான் விதிமீறல், மீசை கட்டாயம். முதல் உலகப் போரின் நடுவில் அதைக் கைவிட்டார்கள். தாடிக்கு இருந்த தடையை 2024 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். சீராக, முழுமையாக இருக்க வேண்டும், நச்சுவாயு ஆபத்து உள்ள இடத்தில் அதிகாரி சொன்னால் மழிக்க வேண்டும் என்பவை மட்டும் நிபந்தனைகள்.

இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. ராணுவம் இல்லை, காவல்துறை. 2018-ல் 31 நாள் விடுப்பு வாங்கி மெக்கா போய் வந்த ஒரு முஸ்லிம் காவலர் தாடியோடு திரும்பினார். நடவடிக்கை எடுத்து, சம்பள உயர்வை நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் சீரான தாடி வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட்டே அனுமதிக்கிறது என்று எடுத்துக் காட்டியது. காவல்துறை விதி ராணுவத்துக்குப் பொருந்தாது, அது எனக்குத் தெரியும். ஆனால் யாத்திரை போய்வந்த ஒருவர் தன் முகத்துக்காக ஆறு வருடம் கோர்ட்டும் ஆபீசுமாக அலைந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. லீவிலும் மழித்திருக்க வேண்டும் என்று உங்கள் மகனின் யூனிட்டில் எழுத்துபூர்வமான உத்தரவு இருந்தால், அதை மீறச் சொல்ல மாட்டேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டு, முறைப்படி மேலதிகாரியிடம் கேட்கட்டும். சீருடை போட்டுக்கொண்டு ஊர் விழாவுக்கோ பள்ளிக்கூடத்தில் கொடியேற்றவோ போவதானாலும் தாடி கூடாது. சீருடை ஏறினால் முழு விதியும் கூடவே ஏறும். அடையாள அட்டைப் படத்துக்கும் முகத்துக்கும் பொருத்தம் இல்லாமல் ரயிலில் சிக்கல் வருமே என்று அண்ணன் கவலைப்படலாம். அது நியாயமான கவலை. அதற்கும் தீர்வு கிளம்புவதற்கு முன் ஒரு சவரம்தான்.

உங்கள் மகனிடம் ராணுவம் கேட்க உரிமையுள்ளது ஒன்று உண்டு: லீவு முடிந்து யூனிட் வாசலில் ரிப்போர்ட் செய்யும் காலையில், தலையும் முகமும் விதிப்படி இருக்க வேண்டும். அந்தக் காலை வரை தாடி அவருடையது, ஐயப்பனுடையது.

மண்டல பூஜை முடிந்து, மலைக்குப் போய் வந்து, அவர் மாலையைக் கழற்றட்டும். காட்பாடியில் ரயிலேறுவதற்கு முந்தின நாள் சலூனுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை அண்ணனிடமே கொடுங்கள். கிருதா எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாரும் இல்லை.