ஐரோப்பாவில் லாரி ஓட்ட நிலத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 26, ஊர் ராசிபுரம் பக்கம். ஹெவி லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது கோழித்தீவன லோடு ஓட்டுகிறேன். பேட்டாவோடு சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வருகிறது. லிதுவேனியா நாட்டில் ஒரு கம்பெனிக்கு, ஐரோப்பா முழுக்க ஓடும் ட்ரெய்லருக்கு ஆள் எடுப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மாதம் 2,100 யூரோ கைக்கு வருமாம். அவருக்கு ஏழரை லட்சம் கொடுக்க வேண்டும். என் சேமிப்பிலிருந்து 50,000 முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவரிடம் இருக்கிறது. பாக்கி 7 லட்சத்துக்கு, நிலத்தின் மேல் 5 லட்சம் ரெண்டு வட்டிக்கும், அம்மாவின் நகை மேல் 2 லட்சம் பேங்கிலும் வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு மாதம் 40,000 அனுப்ப வேண்டும். ஒரே வருஷத்தில் கடனை அடைத்துவிடலாமா? ஒப்பந்தத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, வேலை மோசமில்லை. மோசமாக இருப்பது அதற்குப் போகும் வழிதான். ஐரோப்பாவில் லாரி ஓட்ட ஆள் பற்றாக்குறை இருப்பது உண்மை. லிதுவேனியா, போலந்து கம்பெனிகள் உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தானிலிருந்தெல்லாம் டிரைவர்களை எடுக்கின்றன. இந்தியாவிலிருந்தும் எடுக்கின்றன. அதனால் இது ஏமாற்று வேலை என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கை ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு லாரிக்காரர் மாதிரி நாம் திரும்பப் போடுவோம்.

ஒப்பந்தத்தைப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் 1,713 யூரோ, வரிக்கு முன்னால். வண்டி ஓடும் நாளுக்கு 40 யூரோ படி. அந்த 1,713 எங்கிருந்து வந்தது தெரியுமா? லிதுவேனியாவில் 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,038 யூரோ. டிரைவரின் அடிப்படை அதைப்போல் 1.65 மடங்கு இருந்தால்தான் அவருக்குக் கொடுக்கும் படிக்கு முழு வரிவிலக்கு. அந்தக் கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தப்பில்லை, சட்டப்படிதான். வருமான வரியும் சமூகக் காப்பீடும் பிடித்ததுபோக அதில் கைக்கு 1,120 யூரோ அளவில் வரும். 25 நாள் ஓடினால் படி 1,000 யூரோ. இரண்டையும் கூட்டித்தான் அந்த 2,100.

படி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அது நம் ஊர் பேட்டாவேதான். வண்டி ஓடினால் உண்டு, ஷெட்டில் நின்றால் கிடையாது. என் சித்தப்பா சங்ககிரியில் முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் ஓட்டியவர். 'பேட்டாவை நம்பிச் சீட்டு கட்டாதே' என்பார். அங்கேயும் அதே கதை. உடம்பு சரியில்லாமல் படுத்தால் வரும் உதவித்தொகை, லீவுச் சம்பளம், பென்ஷன் எல்லாமே அடிப்படையின் மேல்தான் கணக்காகும். படி எதிலும் சேராது.

இன்னொன்று, இந்த வேலை பன்னிரண்டு மாதமும் ஓடுகிற வேலை இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் 12 வாரம் ஓட்டி 4 வாரம் ஓய்வு என்று இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு வருஷத்துக்கு 20 வேலை நாள். மீதி ஓய்வு வாரங்களுக்குச் சம்பளமும் கிடையாது, படியும் கிடையாது. ஆக வருஷத்தில் ஒன்பது மாதம் முழு வருமானம், ஒரு மாதம் வெறும் அடிப்படை, இரண்டு மாதம் சுழியம்.

செலவுக்கு வருவோம். வண்டிக்குள்ளேயே கேஸ் அடுப்பில் சமைத்தால் நாளுக்கு 10 யூரோவில் சாப்பிட்டுவிடலாம். சமைக்கத் தெரியாவிட்டால் இப்போதே அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெர்மனி ஹைவே ஓரத்தில் பல இடங்களில் டாய்லெட் போகவே ஒரு யூரோ. குளியல், போன் எல்லாம் சேர்த்து மாதம் 350 யூரோ வைத்துக்கொள்வோம். ஊருக்கு வந்துபோக ஒரு தடவைக்கு 700 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ நூறு ரூபாய்.

முதல் வருஷத்தைப் பாருங்கள். பணம் கட்டிய நாளிலிருந்து விசாவுக்கு நாலு மாதம் என்று ஏஜென்டே சொல்கிறார். அந்த நாலு மாதமும் வட்டி ஓடும். நிலத்துக்கு 10,000, நகைக்கு 2,000 என்று மாதம் 12,000 ரூபாய். போய் இறங்கியதும் டிரிப் கிடைக்காது. நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. ட்ரெய்லருக்கான அந்த ஊர் 'சி.இ.' லைசென்ஸ் வேண்டும். அதற்கு மேல் தொழில்முறை ஓட்டுநருக்கான 'கோட் 95' தகுதி வேண்டும். அதன் சுருக்கமான பயிற்சியே 140 மணி நேரம். இரண்டு மாதம் என்று வைப்போம். அப்போது அடிப்படை மட்டும் கொடுத்தால், ரூம் சாப்பாடு போக மொத்தம் 1,440 யூரோ மிஞ்சும். பாக்கி ஆறு மாதத்தில் நாலரை மாதம் ஓட்டினால், செலவு போக 7,875 யூரோ. ஒரு தடவை ஊருக்கு வந்துபோன டிக்கெட்டைக் கழித்தால் வருஷத்துக்கு 8,600 யூரோ சொச்சம், அதாவது 8.6 லட்சம் ரூபாய். அதில் வருஷ வட்டி 1.44 லட்சம். மீதி ஏழு லட்சத்துச் சொச்சம். உங்கள் அசலும் ஏழு லட்சம்.

அப்படியானால் ஒரே வருஷத்தில் அடைகிறதே என்று கேட்பீர்கள். அடைகிறது, வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் இருந்தால். விசா மூன்று மாதம் தள்ளிப்போகாமல், பயிற்சிக் காலத்தில் அவர்கள் சம்பளம் கொடுத்து, நீங்கள் ஒரு நாளும் படுக்காமல், எந்தக் கிடங்குச் சுவரிலும் ட்ரெய்லரை உரசாமல் இருந்தால்.

அந்த உரசல் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் புது டிரைவர். இப்போது ஓட்டுவது தீவன லாரி. அங்கே 13.6 மீட்டர் ட்ரெய்லர், லோடோடு 40 டன், ஸ்டியரிங் இடது பக்கம், ஓடுவது சாலையின் வலது பக்கம். டிசம்பரில் ஆல்ப்ஸ் மலை ஏறும்போது டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரிய வேண்டும். முன்னால் போவதை எப்படியும் பழகிவிடுவீர்கள். இருட்டில், மழையில், குறுகலான முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து, சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில் ஒட்டி நிறுத்துவதில்தான் புது ஆட்கள் மாட்டுகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவால் வரும் சேதம் சம்பளத்தில் பிடிக்கப்படும்' என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு வரை என்று இல்லை. இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கும் தொகை இல்லை. தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் பதிவு செய்யும் டேகோகிராஃப் என்ற கருவி வண்டியில் இருக்கும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. ஒரு வாரத்தில் 56, அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆகவே 'கூட ரெண்டு டிரிப் அடித்துச் சம்பாதித்துக்கலாம்' என்பது அங்கே நடக்காது. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கிற மாதிரி கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுப்பதையே ஐரோப்பியச் சட்டம் தடுத்திருக்கிறது. 45 மணி நேர வார ஓய்வை கேபினுக்குள் எடுக்கக் கூடாது, தங்கும் செலவு முதலாளியுடையது. பெல்ஜியத்தில் அப்படிப் பிடிபட்டால் அபராதம் 1,800 யூரோ. உங்கள் ஒப்பந்தத்தில் தங்கும் செலவு பற்றி ஒரு வரியும் இல்லை.

2023 வசந்த காலத்தில், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பக்கம் கிரேஃபன்ஹவுசன் என்ற ஹைவே நிறுத்தத்தில் ஒரு சம்பவம். போலந்து கம்பெனி ஒன்றின் லாரிகளை ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் வாரக்கணக்கில் ஓரங்கட்டிவிட்டார்கள். சம்பளப் பாக்கிதான் காரணம். கடைசியில் சுமார் 3 லட்சம் யூரோ வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். அத்தனை நாள் சம்பளம் இல்லாமல் நிற்க அவர்களால் முடிந்தது. மாதம் 12,000 வட்டி கட்டுகிறவர் அப்படி நிற்க முடியுமா? கடனோடு போகிற டிரைவர் எதற்கும் தலையாட்டுவார் என்பது முதலாளிக்கும் தெரியும், ஏஜென்டுக்கும் தெரியும். கம்பெனி மாறுவதும் சுலபமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் டிரைவருக்கு வண்டியில் ஒரு ஓட்டுநர் சான்று இருக்க வேண்டும். அதைக் கம்பெனிதான் வாங்குகிறது, வேறு கம்பெனிக்குப் போனால் அதைப் புதிதாக எடுக்க வேண்டும்.

சரி, எவ்வளவு கடன் தாங்கும்? படியைத் தொடாமல் அடிப்படையை மட்டும் வைத்துப் பார்ப்போம். வருஷத்தில் பத்து மாதச் சம்பளம் 11,200 யூரோ. ஓடும் ஒன்பது மாதச் செலவு 3,150, மூன்று தடவை ஊருக்கு வந்துபோக 2,100. மீதி 5,950 யூரோ, மாதத்துக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய். வீட்டுக்கு 40,000 போனால் கையில் 10,000. நீங்கள் சொல்லும் கடனுக்கு வட்டியே 12,000. அதே 10,000, பேங்க் நகைக்கடன் 2 லட்சத்தை இரண்டு வருஷத்தில் அசலோடு அடைத்துவிடும். ஆக, நகை மேல் 2 லட்சம் வரை போகலாம். நிலத்தைத் தொட வேண்டாம். படியில் மிஞ்சுவதெல்லாம் உங்கள் சேமிப்பு. இரண்டாவது வருஷத்திலிருந்து அடிப்படையும் படியும் சேர்ந்து, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வருஷத்துக்கு 14 லட்சத்துக்கு மேல் மிஞ்சக்கூடிய வேலை இது. அதனால்தான் போகாதே என்று சொல்லவில்லை.

2 லட்சத்தில் எப்படிப் போவது? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்டால்தான் முடியும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 35,400. உங்களிடம் கேட்டிருப்பது ஏழரை லட்சம்! அவருடைய பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பெயரைப் பதிந்து வையுங்கள். விசா, டிக்கெட், கையில் இரண்டு மாதச் செலவு எல்லாம் 2 லட்சத்துக்குள் அடங்கும், லைசென்ஸ் பயிற்சிச் செலவைக் கம்பெனி ஏற்றால். ஏற்காத கம்பெனி உங்களுக்கு வேண்டாம்.

அதுவரை ஒன்றரை வருஷம் ட்ரெய்லர் ஓட்டுங்கள். சென்னை, தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் வண்டிக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ரிவர்ஸ் கை பழகும், சாலை ஆங்கிலமும் கொஞ்சம் வரும். அனுபவம் உள்ளவருக்குக் கம்பெனியே செலவு செய்கிறது, இல்லாதவரிடம்தான் ஏஜென்ட் காசு கேட்கிறார்.

வரி பற்றி ஒரே ஒரு விஷயம். வேலைக்காக வெளிநாடு போகும் நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் நீங்கள் என்.ஆர்.ஐ., அங்கே சம்பாதிப்பதற்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, அந்த நிதியாண்டு முடியும்வரை ஊருக்கு வராமல் இருந்தால், அந்த வருஷமே இது பொருந்தும்; நடுவில் ஊருக்கு வந்து தங்கும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். போனதும் பேங்கில் என்.ஆர்.ஐ.களுக்கான என்.ஆர்.இ. கணக்கு திறந்து அதில் அனுப்புங்கள், அந்த வட்டிக்கும் இங்கே வரி கிடையாது.

கொடுத்த 50,000-க்கு ரசீது கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அது போன காசு என்று எழுதிவிடுங்கள். பாக்கி 7 லட்சம் கட்டினால்தான் அது கணக்கில் சேரும் என்று அவர் சொல்வார். அந்த 50,000-ஐக் காப்பாற்ற நிலத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் பாஸ்போர்ட்டை வாங்குங்கள். அதை வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. 'எம்பஸிக்கு அனுப்பிவிட்டேன்' என்றால் அனுப்பிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லையென்றால் அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.