வாகைக்குளத்தில் கூட்டம் நிற்கிறது, விமானப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் போக்குவரத்துக் கழக டிப்போவில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வீரவநல்லூர். 2018-ல் ஜெட் ஏர்வேஸ் பங்கு இறங்க இறங்க வாங்கிச் சேர்த்தேன். 2021-ல், நின்றுபோன அந்த நிறுவனத்தைப் புது ஆட்கள் எடுத்து நடத்தப்போவதாகச் செய்தி வந்ததும் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். மொத்தம் 600 பங்கு, 1,12,000 ரூபாய். இப்போது விற்கவும் முடியவில்லை. ஏதாவது திரும்பி வருமா? தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் புது டெர்மினல் வந்துவிட்டது, சென்னை விமானத்தில் டிக்கெட் கிடைப்பதே பாடாக இருக்கிறது. ஓய்வுப் பணத்தில் 3 லட்சத்தை வேறொரு விமான நிறுவனப் பங்கில் போட்டு விட்டதைப் பிடிக்கலாமா?

பதில்: அண்ணாச்சி, அந்தப் பணம் திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டீமேட் (பங்குக் கணக்கு) ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பக்கத்தில் பென்சிலால் விலை குறித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாங்க வந்தவர்கள் சொன்னபடி பணம் கட்டாததால், ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்கச் சொல்லி 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விற்று வரும் பணம் தாமிரபரணித் தண்ணீர் மாதிரி பாயும். கலைக்கிற செலவு தலைமடை. பிறகு தொழிலாளர் பாக்கி, ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகள், மற்ற ஊழியர், மற்ற கடன்காரர்கள், அரசு. பங்குதாரர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கீழே, கடைமடையில் நிற்கிறார். வங்கிகளுக்கே பல ஆயிரம் கோடி பாக்கி இருக்கும்போது அங்கே எது வந்து சேரும்?

2018-ல் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். 2021-ல் வாங்கியதுதான் தவறு. கம்பெனி பிழைப்பது வேறு, பழைய பங்கு பிழைப்பது வேறு. அந்த மீட்புத் திட்டத்திலேயே பழைய சிறு பங்குதாரர்களுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஒதுக்கியிருந்தார்கள். விமானம் மறுபடி பறந்திருந்தாலும் உங்கள் கைக்குப் பெரிதாக எதுவும் வந்திருக்காது.

சரி, வாகைக்குளம். ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, சுமார் 450 கோடியில் டெர்மினல் கட்டி, 2025 ஜூலையில் திறந்தார்கள். நம் பக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அது விமான நிலைய ஆணையத்தின் சொத்து. விமான நிறுவனம் அங்கே இறங்கக் கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர். கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நின்றாலும், டீசல், டயர், சம்பளம் போக மாசக் கடைசியில் என்ன மிஞ்சியது என்று கலெக்ஷன் கணக்கு எழுதியவர் நீங்கள்.

விமானத்தில் அந்தக் கணக்கு இன்னும் கொடுமை. டிக்கெட் ரூபாயில் விற்கிறது, வாடகை விமானத்துக்கு டாலரில் கட்ட வேண்டும். கச்சா எண்ணெய் ஏறினாலும் அடி, ரூபாய் இறங்கினாலும் அடி. அதற்காகக் கட்டணத்தை ஏற்றினால் பயணி பக்கத்து கவுன்டருக்குப் போய்விடுவார். அப்புறம், அடுத்த மாசம் பறக்க வேண்டியவர் கட்டிய பணத்தில்தான் இன்றைக்கு எரிபொருள் போடுவார்கள். வாடகை பாக்கி விழுந்தால் வாடகைக்கு விட்டவர்கள் விமானத்தை நிறுத்திவிடுவார்கள். விமானம் நின்றால் கலெக்ஷன் நிற்கும், கலெக்ஷன் நின்றால் அடுத்த வாடகையும் நிற்கும்.

ஜெட் அப்படித்தான் விழுந்தது. 1993-ல் பறக்கத் தொடங்கி, 2005-ல் பங்கு ஒன்றை 1,100 ரூபாய்க்கு வெளியிட்ட நிறுவனம் அது. 2007-ல் 1,450 கோடி கொடுத்து ஏர் சஹாரா என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கியது. மலிவுக் கட்டணக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை. 2013-ல் அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் ஜெட்டில் 24 சதவீதப் பங்கு வாங்கியது மூச்சு விட இடம் கொடுத்தது, அவ்வளவுதான். 2018-ல் எண்ணெயும் டாலரும் சேர்ந்து ஏறின. நூற்றுக்கும் மேல் விமானம் வைத்திருந்தவர்கள், கடைசியில் 400 கோடி அவசரக் கடன் கேட்டும் வங்கிகள் தரவில்லை. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போனதுதான் கடைசி விமானம்.

இண்டிகோ பிழைத்திருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2005-ல் என்னிடம் கேட்டிருந்தாலும் நான் ஜெட்டைத்தான் காட்டியிருப்பேன். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றது. எது நிற்கும், எது விழும் என்று ஓய்வுப் பணத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

அதனால் அந்த 3 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போது 8.2 சதவீதம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை வட்டி, ஐந்து வருஷம். உங்கள் ஊர் போஸ்ட் ஆபீசிலேயே தொடங்கலாம். பங்கு ஆசை விடாது என்றால் வட்டியிலிருந்து மாசம் 1,000 ரூபாய், ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். அந்த ஐம்பதில் இண்டிகோவும் ஒன்று, ஆசைக்கு அது போதும்.

ஜெட் நட்டத்தை வருமான வரியில் காட்ட முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பங்கு கைமாறினால்தான் நட்டம் கணக்கில் ஏறும். ஏறினால் நீண்டகால லாபத்துக்கு எதிராக எட்டு வருஷம் வரை கழிக்கலாம். "பழைய பங்கை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் உரிமையோடு கேட்கிறேன். இந்த 1,12,000 விஷயம் மதினிக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவர்கள் பேச்சே இல்லை. இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். போஸ்ட் ஆபீசுக்கும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேர் பெயரிலும் கணக்கைத் தொடங்குங்கள்.